அடக்குவதும் அடங்குவதும்

குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடிக்கச் சொன்ன வைத்தியர் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மருந்து நல்ல மருந்து. பத்தியமும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு நிபந்தனை: குடிக்கும்போது குரங்கு ஞாபகம் வரக்கூடாது. அதுவரை குரங்கைப் பற்றி ஒரு நாளும் யோசித்திராத நோயாளிக்கு, அன்றிலிருந்து டம்ளரைத் தொட்டாலே குரங்குதான்.

1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், நம் வைத்தியரைப் பற்றிக் கேள்விப்படாமலேயே இதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார். குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடி. மாணவர்களை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கும் மேல் மணி அடித்தது. அதற்கடுத்து நடந்ததுதான் விசேஷம். இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று விட்டதும், தொடக்கத்திலிருந்தே கரடியை நினைக்கச் சொல்லப்பட்டிருந்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. அமுக்கி வைத்ததெல்லாம் வட்டியோடு திரும்பிவிட்டது.

“நானும் தியானம் உட்கார்ந்து பார்த்தேன், நமக்கு அது செட் ஆகலை” என்று சொல்லாத ஆள் இல்லை. கேட்டுப் பார்த்தால் கதை ஒன்றுதான். கண்ணை மூடினார், எண்ணம் எதுவும் வரக்கூடாது என்று உட்கார்ந்தார், கண் திறந்திருந்தபோது இருந்ததைவிட அதிகமாக வந்தது, இரண்டு நாளில் விட்டுவிட்டார். அவர் செய்தது தியானமே இல்லை, குரங்கு மருந்து.

தமிழில் இதற்கு இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. அடக்குவது ஒன்று, அடங்குவது ஒன்று. நடுவில் ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். ஆனால் வேலை வேறு. மாட்டை அடக்குகிறோம். காற்றோ தானாக அடங்குகிறது. பசியும் அடங்குகிறது, பிள்ளையின் அழுகையும் அடங்குகிறது. பசியைப் பார்த்து “அடங்கு” என்று யாரும் அதட்டுவதில்லை. சோறு போடுகிறோம், அது அடங்குகிறது. தூளியில் கிடக்கிற பிள்ளையிடம் தூங்கு என்று கட்டளை போட்டால் இன்னும் ஓங்கி அழும். தூளியை ஆட்டுகிறோம், தூக்கம் அதுவாக வருகிறது. யோகத்தில் சொல்லியிருக்கிற வேலைகள் ஏறக்குறைய எல்லாமே தூளி ஆட்டுகிற வேலைதான். பிள்ளையோடு மல்லுக்கட்டுகிற வேலை அதில் மிகக் குறைவு.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இரண்டாவது சூத்திரம் சித்த விருத்தி நிரோதம்தான் யோகம் என்கிறது. ‘மனதின் அலைகளை அடக்குவது’ என்று அதைச் சுலபமாக மொழிபெயர்த்து வைத்துவிட்டார்கள். ஆனால் அதே அத்தியாயத்தில் பத்துச் சூத்திரம் தள்ளி, இது எப்படி நடக்கும் என்பதற்கு இரண்டே வழி சொல்லப்படுகிறது: பயிற்சி, பற்றின்மை. அந்தப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்றால் நெடுங்காலம், இடைவிடாமல், மரியாதையோடு. கட்டளையில் நிற்கிற சாமானாக இருந்தால் நெடுங்காலம் எதற்கு? கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் அர்ஜுனன் கிட்டத்தட்ட நம் நண்பரின் ‘செட் ஆகலை’ புகாரைத்தான் வைக்கிறான். இந்த மனதைப் பிடிப்பது காற்றைப் பிடிப்பதுபோல இருக்கிறதே என்கிறான். கிருஷ்ணன் மறுக்கவில்லை. சந்தேகமே வேண்டாம், கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அதே இரண்டு சொற்களைத் திருப்பிச் சொல்கிறான். வில்லாளிக்கே இந்த நிலைமை என்றால் இ.எம்.ஐ. கட்டுகிறவனுக்குக் கேட்கவே வேண்டாம்.

மனம் ஏன் இப்படி அலைகிறது? அது கெட்டுப்போனதால் இல்லை. அதன் வேலையே அதுதான். 2001இல் செயின்ட் லூயிஸ் நகரத்து நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்கிலும் அவர் குழுவினரும் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார்கள். எந்த வேலையும் கொடுக்காமல் ஒருவரை ஸ்கேனரில் சும்மா படுக்க வைத்தாலும் மூளையின் சில பகுதிகள் ஓய்வதில்லை. வேலை கொடுத்தால்தான் அவை தணிகின்றன, வேலை முடிந்ததும் மறுபடி கிளம்புகின்றன. நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது, நான், என்னைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்ற வகை ஓட்டமெல்லாம் இந்தப் பகுதிகளோடு சேர்ந்தது. உடல் எடையில் சுமார் 2 சதவீதம் மட்டுமே உள்ள மூளை உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. சும்மா இருக்கும்போது அந்தச் செலவு பெரிதாகக் குறைவதும் இல்லை.

2010இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2250 பேரின் செல்போனுக்கு நேரம் கெட்ட நேரத்தில் கேள்வி அனுப்பினார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, சந்தோஷமாக இருக்கிறீர்களா? சுமார் 47 சதவீத தடவை மனம் வேறெங்கோ இருந்தது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சோகமாக இருப்பதால் மனம் அலைகிறது என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் கணக்கில் பெரும்பாலும் அலைச்சல் முன்னால் போனது, சோகம் பின்னால் வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருச்சிப் பக்கம் வாழ்ந்த தாயுமானவர் ஒரு பட்டியல் போடுகிறார். மத யானையை வழிக்குக் கொண்டுவரலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம். இப்படியே போய்க் கடைசியில், சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கிற திறம்தான் அரிது என்று முடிக்கிறார். 2014இல் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி கிடைத்தது. ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக, யோசனை மட்டும் துணையாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் மின் அதிர்ச்சி கொடுக்கும். காசு கொடுத்தாவது அந்த அதிர்ச்சியைத் தவிர்ப்போம் என்று முன்பே சொல்லியிருந்தவர்கள்தான் அவர்கள். ஆனாலும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் பொத்தானை அமுக்கித் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள். சும்மா இருப்பதைவிட அது தேவலாம் போலிருக்கிறது.

ஆக, நேராக மனதில் கைவைப்பது தப்பான நுழைவாயில். சரியான வாயில் உடம்பு.

மனக்கலக்கம் எப்படி வெளியே தெரியும் என்று பதஞ்சலி நான்கு அடையாளம் கொடுக்கிறார்: துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு. நான்கில் இரண்டு உடம்பைச் சேர்ந்தவை. டென்ஷனில் இருக்கிற யாரையாவது ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார், ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும், தோள் காதுப் பக்கம் ஏறியிருக்கும், பல் கடித்திருக்கும், மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றுவிடும், நடுநடுவே ஒரு பெருமூச்சு. இந்த உடம்பைக் கொண்டுவந்து சம்மணம் போட்டு உட்கார வைத்தால், அடுத்த இருபது நிமிடத்துக்கு அது முழங்கால் வலியைத்தான் தியானிக்கும். ஆசனங்கள் இதற்காகத்தான். ஆசனத்தைப் பற்றி யோக சூத்திரத்தில் இருப்பதே மூன்று சூத்திரம். முதலாவது சொல்வது ‘உறுதியாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம்’ என்ற அளவில் முடிந்துவிடுகிறது. தலைகீழாக நிற்பது பற்றி அதில் பேச்சே இல்லை.

உலகமே இன்று யோகா என்றால் ஆசனத்தை நினைப்பதற்கு முக்கியக் காரணமான ஒருவர், தன் வாழ்க்கையின் பின்பாதியைச் சென்னையில் கழித்தவர். திருமலை கிருஷ்ணமாச்சாரியார், 1888இல் பிறந்தவர். 1933இலிருந்து மைசூர் அரண்மனை யோகசாலையில் துடியான பையன்களுக்கு வேகவேகமான ஆசன வரிசைகளைச் சொல்லிக்கொடுத்தார். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தபின் அவரிடம் வந்த கூட்டம் வேறு மாதிரி. நோயாளிகள், வயசானவர்கள், குடும்பஸ்தர்கள். சொல்லிக்கொடுக்கும் முறையும் மாறியது. ஆளைப் பார்த்து ஆசனம், ஒவ்வொரு அசைவும் மூச்சின் நீளத்துக்குள். கையைத் தூக்கினால் உள்மூச்சு, இறக்கினால் வெளிமூச்சு. மூச்சு முடிகிற இடத்தில் அசைவும் முடிய வேண்டும். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் இந்த வழியில்தான் போனது. அலைபாயும் மனதுக்கு மைசூர் வேகத்தைவிடச் சென்னை நிதானம் தோது என்பது என் எண்ணம். வேகமாக வியர்க்கச் செய்வதிலும் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு ஏற்கனவே இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் அதை இன்னும் விரட்டுவானேன்.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி இன்னும் எளிமையாக்கினார். மனவளக்கலை மன்றத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: தவத்துக்கு (தியானத்துக்கு அங்கே அதுதான் பெயர்) முன்னால் கைப்பயிற்சி, கால்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம், உடல் தேய்த்தல் என்று ஒரு வரிசை உண்டு. வேட்டி கட்டின தாத்தாவும் சேலை கட்டின அத்தையும் செய்யக்கூடியது. பார்க்கிறவர்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் உடம்பைத் தளர்த்திவிட்டுத்தான் மனதின் பக்கம் போக வேண்டும் என்ற வரிசையில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

உடம்புக்கும் மனதுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, மூச்சு. இதயம் துடிப்பது, இரைப்பை அரைப்பது, ரத்த அழுத்தம் ஏறி இறங்குவது எதுவும் நம் சொல் கேட்காது. மூச்சு மட்டும் இரண்டு பக்கமும் கணக்கு வைத்திருக்கிறது. மறந்துவிட்டால் தானாக ஓடும், நினைத்தால் நம் கைக்கு வரும். இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து நாடி பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். நாலைந்து மூச்சில் பிடிபட்டுவிடும்: இழுக்கும்போது துடிப்புகள் கொஞ்சம் நெருங்கி வரும், விடும்போது இடைவெளி விழும். இளவயதினருக்கு நன்றாகத் தெரியும், வயதாக ஆக மங்கும்.

இதைச் செய்வது மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இதயம், நுரையீரல், வயிறு என்று ஊர் சுற்றுகிற பத்தாவது மூளை நரம்பு. பெயர் வேகஸ். தமிழ்க் காதுக்கு வேகப்படுத்துவது போலக் கேட்டாலும் அது செய்வது நிதானப்படுத்துகிற வேலை. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். அலைகிற மனதை அடங்க வைக்க அலைகிற நரம்பு! வெளிமூச்சின்போது அது இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது, உள்மூச்சில் தளர்த்துகிறது. வெளிமூச்சை நீட்டினால் கடிவாளம் பிடித்திருக்கிற நேரமும் நீள்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். இன்னொன்றும் உண்டு. இந்த நரம்பின் இழைகளில் பெரும்பகுதி மூளையின் உத்தரவை உடம்புக்குக் கொண்டுபோகிறவை அல்ல, உடம்பின் சேதியை மூளைக்குக் கொண்டுபோகிறவை. மெதுவான மூச்சு, தளர்ந்த வயிறு என்ற சேதி கீழிருந்து மேலே போகும்போது, ஆபத்து ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று மேலே இருப்பவர் முடிவு செய்துகொள்கிறார்.

எவ்வளவு மெதுவாக? சாதாரணமாக ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். அதை ஆறு வாக்கில் கொண்டுவந்தால் மூச்சின் அலையும் ரத்த அழுத்தத்தைச் சரிபார்க்கும் உடம்பின் சொந்த அலையும் ஒரே தாளத்துக்கு வருகின்றன. ஊஞ்சலை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல. நிமிடத்துக்கு ஆறு என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் கணக்குச் சரி. மூக்கு வழியாக, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அந்தக் கை எழுந்து இறங்குகிற மாதிரி. ஐந்து நிமிடம் போதும். மூச்சு முட்டினால் மூன்றும் ஐந்தும் வைத்துக்கொள்ளலாம், இதற்குப் பரிசு யாரும் கொடுக்கப்போவதில்லை.

2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், பிறகு ‘ஓம் மணி பத்மே ஹும்’ என்ற பௌத்த மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு வாக்கில் வந்து நின்றது. யாரும் எண்ணச் சொல்லவில்லை. யோசித்தால் இதில் அதிசயமில்லை. வாய்விட்டுச் சொல்வது எல்லாமே வெளிமூச்சில்தான் நடக்கிறது. ஒரு நீளமான அடியைச் சொல்லி முடிப்பது என்றால் ஒரு நீளமான வெளிமூச்சு, நடுவில் ஒரு சின்ன இழுப்பு. விளக்கேற்றிவிட்டுக் கவசம் முணுமுணுக்கிற பாட்டிக்கும், வேளாங்கண்ணியில் மாலை உருட்டுகிற அம்மாவுக்கும் வேகஸ் நரம்பைத் தெரியாது. அந்த நரம்புக்கு அவர்களைத் தெரியும்.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் பிராணாயாமக் கணக்கு ஒன்று தருகிறார். இடது நாசியில் 16 மாத்திரை நேரம் இழுத்து, 64 நிறுத்தி, 32 விட வேண்டும். யூடியூப் பார்த்து இந்த அறுபத்து நாலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மூச்சை நிறுத்துவது ஆசான் பக்கத்தில் இருந்து வருடக்கணக்கில் பழகுகிற வித்தை. மூச்சைக் குதிரை என்கிறார் திருமூலர்; மெய்யான ஆளைச் சுமந்து போகும், பொய்யான ஆளைத் துள்ளிக் கீழே தள்ளும் என்றும் எச்சரிக்கிறார். நமக்கு வேண்டியது அந்தக் கணக்கின் இரண்டு ஓரங்கள் மட்டும். இழுப்பது பதினாறு, விடுவது முப்பத்திரண்டு. விடுவது இழுப்பதைப்போல இரண்டு மடங்கு. நம் நாலுக்கு ஆறு அதே வழியில் கொஞ்சம் இளகின கணக்கு.

மூச்சு அடங்கினால் மனம் அடங்கும் என்பதை ரமண மகரிஷி வலையில் பட்ட பறவைக்கு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார். ஆனால் அதன் எல்லையையும் அவரே சொல்லிவிட்டார். 1902 வாக்கில் திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டிய பதில்களில், மூச்சு அடங்கியிருக்கிறவரை மனமும் அடங்கியிருக்கும், மூச்சு வெளியே வந்தால் அதுவும் வெளியே வந்து பழைய வழக்கப்படி அலையும் என்கிறார். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஐந்து நிமிட மூச்சுப்பயிற்சியில் வாழ்க்கையே மாறிவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அதே பதில்களில் தியானத்துக்கு அவர் சொன்ன உவமை, கோயில் யானையைப் பார்த்த யாருக்கும் உடனே பிடிபடும். யானையின் துதிக்கை சும்மா இருக்காது. தெருவில் நடந்தால் இந்தப் பக்கம் வாழைப்பழக் கடை, அந்தப் பக்கம் தென்னை ஓலை என்று துழாவிக்கொண்டே போகும். அதன் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடக்கும். துதிக்கையைக் கட்டிப்போடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிடிக்க ஒன்று கொடுத்தாயிற்று. மந்திரம், மூச்சு, விளக்கின் சுடர், புருவ மத்தி எல்லாம் சங்கிலிகள்தான். எது உசத்தி என்ற சண்டை எனக்குப் புரிந்ததே இல்லை.

சங்கிலி கொடுத்தபிறகும் யானை கீழே போடும். ஒரு நாள் காலை மொட்டை மாடியில் பத்து நிமிடம் டைமர் வைத்து உட்கார்ந்தேன். சங்கிலி, மூக்கு நுனியில் மூச்சு. மூன்றாவது மூச்சில் பக்கத்து வீட்டு மோட்டார் ஓட ஆரம்பித்தது. மோட்டாரிலிருந்து கரண்ட் பில். பில்லிலிருந்து கடைசித் தேதி. அந்தத் தேதியில்தானே மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம். மொய் எவ்வளவு வைப்பது? நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் என்ன வைத்தார்கள்? நோட்டைப் பார்க்க வேண்டும். நோட்டு பீரோவில் மேல் தட்டில் இருக்கிறதா, இல்லை அந்தப் பச்சைப் பையிலா… அட, மூச்சு! திரும்பி வந்தேன். ஆறு மூச்சு. அப்புறம் கீழே குக்கர் விசில், அது இரண்டாவதா மூன்றாவதா என்று ஒரு விசாரணை. அட, மூச்சு! பத்து நிமிடத்தில் இப்படிப் பதினைந்து இருபது ‘அட’.

முதல் வாரத்தில் இதைத் தோல்விக் கணக்கில் எழுதுவோம். நிஜத்தில் அந்த ‘அட’தான் பயிற்சி. 2012இல் எமரி பல்கலைக்கழகத்தில் வென்டி ஹாசன்காம்ப் குழுவினர் தியானம் பழகிய 14 பேரை ஸ்கேனரில் படுக்க வைத்து, மனம் வழுக்கிவிட்டதை உணர்ந்த நொடியில் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அலைகிறது, உணர்கிறது, திரும்புகிறது, தங்குகிறது, மறுபடி அலைகிறது என்று ஒரு சக்கரம் சுற்றுவதும், ஒவ்வொரு கட்டத்திலும் மூளையின் வெவ்வேறு பகுதி வேலை செய்வதும் தெரிந்தது. டம்பெல் தூக்குகிறவர் ஒவ்வொரு தடவையும் கையைக் கீழே இறக்கித்தான் மறுபடி தூக்குகிறார். இறங்குவதற்காக அவர் வருத்தப்படுவதில்லை. அலைச்சல் இல்லாத தியானத்தில் திரும்பிவர வேலையே இல்லை. முக்கியமானது திரும்பி வருகிற விதம். ‘சனியனே, மறுபடியும் போயிட்டியா’ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரும்பினால், திட்டு அடுத்த எண்ணமாகிக் கூடவே உட்கார்ந்துவிடும்.

சில எண்ணங்கள் வெறும் அலைச்சல் அல்ல, நிஜமான பிரச்சினை. பிள்ளையின் காலேஜ் ஃபீஸை மூச்சு கட்டாது. இதற்கு வேதாத்திரி மகரிஷி சொன்ன கவலை ஒழிக்கும் வழி, நெசவாளர் கணக்குப் போல நடைமுறையானது. கவலைகளை ஒரு தாளில் எழுது. அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று நாலாகப் பிரி. கடைசிக் கூறில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். இதைத் தியானத்துக்கு முன்னால் செய்வது நல்லது. தாளில் இறங்கிவிட்ட கவலை, மறந்துவிடுவாயோ என்று நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தட்டிக்கொண்டிருக்காது.

இதெல்லாம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது? 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 47 ஆய்வுகளை, மொத்தம் 3515 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான நன்மை உண்டு என்றார்கள். மருந்து, உடற்பயிற்சி போன்ற வேறு சிகிச்சைகளை மிஞ்சுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். 2022இல் வந்த இன்னொரு ஆய்வில், பதற்றக் கோளாறு இருந்த 276 பேரில் பாதிப் பேருக்கு எஸ்சிடாலோபிராம் மாத்திரை, பாதிப் பேருக்கு எட்டு வார தியானப் பயிற்சி. முடிவில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றம். இதை வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயிற்சியில் வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம், நடுவில் ஒரு முழுநாள். இரவில் படுக்கையில் இரண்டு நிமிடம் ஆப் கேட்பதற்கு அந்தப் பலனை எதிர்பார்க்கக்கூடாது. அப்புறம், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிற யாரும் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்திவிடவும் கூடாது.

எல்லோருக்கும் கண்மூடித் தியானம் ஒத்துக்கொள்ளாது. பெரிய அதிர்ச்சியைத் தாண்டி வந்தவர்களுக்கு, கண்ணை மூடினால் அந்தக் காட்சியே திரையில் ஓடும். அவர்கள் கண் திறந்தபடி நடந்துகொண்டே பாதத்தைக் கவனிக்கலாம், அல்லது ஆசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்பு மனச்சிதைவு வந்தவர்கள் பத்து நாள் மௌன முகாமுக்குப் போகும் முன் மனநல மருத்துவரைக் கேட்க வேண்டும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கபாலபதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுகள் ஆகாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் எல்லாம் வரும். அதற்கு எத்தனை பிராணாயாமம் செய்தாலும் ரத்தப் பரிசோதனைதான் வழி. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், அது யோகா மேட்டில் தீர்த்துக்கொள்கிற விஷயம் இல்லை. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம்.

அடிக்கடி கேட்கப்படுகிற ஒன்று பாக்கி இருக்கிறது: நடு ராத்திரி மூன்று மணி விழிப்பு. ஊரே தூங்குகிறது, மனம் மட்டும் கள் குடித்துத் தேளும் கொட்டின குரங்காக ஆடுகிறது. அந்த நேரத்தில் எழுந்து பத்மாசனம் போட வேண்டியதில்லை. மல்லாந்து படுத்தபடியே நாலுக்கு ஆறு கணக்கில் மூச்சை விடலாம், வெளிமூச்சை மட்டும் ஐம்பதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டு. எண்ணிக்கை தப்பினால் மறுபடி ஐம்பது. தூங்கிவிட வேண்டும் என்று மட்டும் முயற்சி செய்யாதீர்கள், தூக்கமும் அடங்குகிற ஜாதி. இருபது நிமிடம் வாக்கில் போயும் வரவில்லை என்று தோன்றினால், எழுந்து வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருங்கள். துணி மடிக்கலாம், பூண்டு உரிக்கலாம். கண் சொக்கும்போது வந்து படுத்தால் போதும். செல்போன் அந்தப் பக்கமே இருக்கட்டும். சுவர்க்கடிகாரத்தை முடிந்தால் ஹாலுக்கு மாற்றிவிடுங்கள்.